கொம்பன்விளை வெளியூரான கதை

கொம்பன்விளைக்காரர்களுக்கு மூளை இல்லை என்று அக்கம்பக்கத்து ஊர்களில் சொல்வார்கள். அது அநியாயம். மூளை இருக்கிறது. கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலையைப் போல மடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள். எடுத்துக் கட்டினால் கசங்கிவிடுமே என்று பயம்.

அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள் ஞானப்பூ. அவள் பிறந்தது ஓடைக்கு அந்தப் பக்கம், நீராவிக்கரையில். கொம்பன்விளைக்காரர்கள் பெண் எடுப்பதும் கொடுப்பதும் நீராவிக்கரையோடுதான். நீராவிக்கரைக்காரர்கள் எதை நம்பி இன்னும் பெண் கொடுக்கிறார்கள் என்று ஞானப்பூ அடுப்படியில் நின்று பல தடவை யோசித்திருக்கிறாள். விடை கிடைப்பதற்குள் சோறு குழைந்துவிடும்.

அவளுக்கு ஒரே தம்பி, ராஜாமணி. அம்மா உப்பளத்துக்குப் போய்விட, அவனை இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்தவள் இவள்தான். மீசை முளைத்த நாளிலிருந்து நீராவிக்கரை கால்பந்து அணிக்கு அவன்தான் கோல்கீப்பர். இப்போது முழங்கால் தேய்ந்துவிட்டது. இந்தப் பொங்கல் கோப்பையோடு சரி, இனி ஆடமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

தம்பி ஆடி ஞானப்பூ ஒரு நாளும் பார்த்ததில்லை. கோப்பையின் கடைசி ஆட்டம் எப்போதும் கொம்பன்விளை மைதானத்தில்தான் நடக்கும். அவள் அங்கேயேதான் இருப்பாள். ஆனால் கோல் போஸ்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே, பிரியாணி அண்டாவுக்கு முன்னால், மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. புகை ஆட்டக்காரர் கண்ணில் படக் கூடாது என்று அடுப்பை அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தது கமிட்டி. புகை காற்றோடு போகுமே தவிர அடுப்பின் வாய் பார்த்த திசையில் போகாது என்று சொல்லிப் பார்த்தாள். ஓட்டுக்கு விட்டார்கள். அடுப்பு ஜெயித்தது. முதுகுக்குப் பின்னால் கூட்டம் "ஓ" என்று கத்தும். பிடித்தானா, விட்டானா, விழுந்து எதையாவது உடைத்துக்கொண்டானா என்று தெரியாமல் கிண்டிய பிரியாணியையே மறுபடியும் மறுபடியும் கிண்டுவாள்.

"இந்த வருஷம் நான் கரண்டியைத் தொட மாட்டேன். என் தம்பி கடைசியா ஆடுறதை இந்த ரெண்டு கண்ணால பாக்கணும்" என்று புருஷனிடம் சொன்னாள்.

புருஷன் தவசிமுத்து கோப்பைக் கமிட்டியின் செயலாளர். "அதுக்கென்னட்டி, தாராளமாப் பாரு" என்றார்.

அவர் எதற்காவது உடனே சரி என்று சொன்னால் பின்னால் ஏதாவது வில்லங்கம் வரும் என்று ஞானப்பூவுக்குத் தெரியும்.

போன வருஷம் ஒரு கலவரம் நடந்திருந்தது. இரண்டு ஊரையும் ஒன்றாக்கி ஒரே பேரூராட்சி ஆக்கப்போகிறோம் என்று அரசாங்கம் அறிவித்ததும், எந்த ஊர்ப் பெயரை முன்னால் போடுவது என்று சண்டை கிளம்பியது. கடைசி ஆட்டத்தன்று நீராவிக்கரைக்காரர்கள் ஒரு பேனர் பிடித்தார்கள். மேலே நீராவிக்கரை, கீழே கொம்பன்விளை. கொம்பன்விளைக்காரர்களுக்கு ரத்தம் கொதித்தது. பாய்ந்து பேனரைப் பிடுங்கித் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார்கள். தங்கள் ஊர் மேலே வந்துவிட்டது. ஆனால் எழுத்தும் தலைகீழாகிவிட்டதால் யாராலும் வாசிக்க முடியவில்லை. வாசிப்பதற்காகக் கோயில்பிச்சை என்பவன் தலைகீழாக நின்றான். நின்று பார்த்தால் மறுபடியும் நீராவிக்கரைதான் மேலே இருந்தது. அந்த அதிர்ச்சியில் நிலைகுலைந்து கமிட்டித் தலைவர் அருமைநாயகத்தின் மேல் விழுந்தான். தலைவருக்கு மூக்கு உடைந்தது.

கலவரம் என்று நடந்தது அவ்வளவுதான். மறுநாள் பத்திரிகையில் "இரு ஊர் ரசிகர்கள் மோதல், ஒருவர் காயம்" என்று வந்தது.

அதனால் இந்த வருஷம் கமிட்டியைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டு எஸ்.ஐ. கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"பாருங்க, இந்தப் பேர் பிரச்சினை ஓயுற வரைக்கும் ரிஸ்க் எடுக்க முடியாது. வெளியூர் ரசிகர் ஒருத்தர்கூட மைதானத்துக்குள்ள இருக்கக் கூடாது. அவங்கவங்க சொந்த ஊர்லயே இருக்கட்டும். ஒரே ஒருத்தர் மீறினாலும் அடுத்த வருஷம் இங்க பந்து உருளாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது ஐயா" என்றார்கள் எல்லோரும். கொம்பன்விளைக்காரர்களுக்குப் புரியாதவரை ஒரு ஆபத்தும் இல்லை. புரிந்துவிட்டதென்றால்தான் பிள்ளைகுட்டிகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்த வேண்டும்.

ஊருக்குத் திரும்பியதும் கோயில்பிச்சை கால்பந்து மன்றத்து அலமாரியிலிருந்து பந்தை எடுத்துத் தரையில் வைத்து ஒரு தள்ளு தள்ளினான்.

"உருளுதே அண்ணாச்சி" என்றான்.

"இந்த வருஷம் உருளும்வே. அடுத்த வருஷம்தான் உருளாதுன்னு சொல்லியிருக்காவ" என்றார் அருமைநாயகம். உடைந்த மூக்கு இன்னும் கொஞ்சம் இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"இவ்வளவு உருண்டையா இருக்கிறது எப்படி அண்ணாச்சி உருளாமப் போவும்?"

"போலீஸ் நெனச்சா எதுவும் நடக்கும். பேசாம பந்தை உள்ள வை."

பிறகு கமிட்டி கூடியது. வெளியூர் ரசிகரை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே அன்றைய பொருள்.

"வாசல்ல நிறுத்திக் கேட்ருவோம்" என்றான் கோயில்பிச்சை.

"பொய் சொன்னா?" என்றார் தவசிமுத்து.

"பொய் சொல்லக் கூடாதுன்னு ஒரு போர்டு வச்சிருவோம்."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இவ்வளவு சுலபமான வழி நாட்டில் வேறு யாருக்கும் தோன்றவில்லையே என்று அவர்களுக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

"சரி, என்னன்னு கேக்கது? எந்த ஊர்ல இருக்கேன்னா, எந்த ஊர்ல பிறந்தேன்னா?" என்று தவசிமுத்து கேட்டார்.

தலைவர் நெடுநேரம் யோசித்தார். யோசிக்கும்போது அவர் காதைக் குடைவார். அன்றைக்கு இரண்டு காதும் தேவைப்பட்டது.

"இருக்கிற இடம் மாறும்வே. காலையில நான் டீக்கடையில இருந்தேன். இப்ப மன்றத்துல இருக்கேன். அதை வச்சு என் ஊர் டீக்கடைன்னு சொல்ல முடியுமா? பிறந்த இடம் மாறவே மாறாது. வெளியூர்ல பிறந்தவன் வெளியூர் ரசிகன். எழுதிக்கோரும்."

தவசிமுத்து எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் நேரே வீட்டுக்கு வந்தார். ஞானப்பூ மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏட்டி, மனசைத் திடப்படுத்திக்கோ."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன, தம்பிக்கு என்ன?"

"தம்பிக்கு ஒண்ணுமில்ல. ஒனக்குத்தான். நீ வெளியூர் ரசிகை. ஒனக்குத் தடை."

அரிவாள்மனையில் மீன் பாதியில் நின்றது. "நானா? ஒங்க வீட்டுல இத்தனை வருஷமாச் சோறு பொங்குதேன். ரெண்டு பிள்ளை பெத்திருக்கேன். அப்பல்லாம் நான் வெளியூராத் தெரியலையா?"

"சோத்துக்குத் தடை இல்லட்டி. ரசிக்கிறதுக்குத்தான் தடை. வேணும்னா எப்பவும்போல அடுப்புப் பக்கம் வந்து நில்லு. முதுகைக் காட்டிக்கிட்டு இருந்தா அது ரசிக்கிறதுல சேராதுன்னு தலைவரே சொல்லிட்டாரு."

"நான் வந்து என்ன கலவரம் பண்ணப் போறேன்?"

"நீ பண்ணுவேன்னு யாரு சொன்னா? பண்ணக்கூடிய ஊர்ல பிறந்திருக்கே. அது ஒன் தப்பு இல்ல. ஆனா பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்குல்லா?"

"போன வருஷம் தலைகீழா நின்னு தலைவர் மூக்கை ஒடச்சது கோயில்பிச்சை. அவனுக்குத் தடை இல்ல, எனக்குத் தடையா?"

"அவனுக்கு எதுக்குத் தடை? அவனைத்தான் வாசல் காவலுக்குப் போட்டிருக்கோம். அவன் உள்ளூர்."

ஞானப்பூ அரிவாள்மனைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மீனை மட்டும் தேவைக்கு மேல் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கினாள்.

ஆட்டத்தன்று மதியம் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, தம்பி முழங்காலுக்குத் தேய்க்கத் தைலக் குப்பியையும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். மைதானத்தைச் சுற்றி உடைமுள் வேலி. ஒரே ஒரு வாசல். அங்கே "பொய் சொல்லக் கூடாது" என்ற போர்டுக்குக் கீழே கோயில்பிச்சை பனைமட்டையோடு நின்றான்.

"மதினி, பிறந்த ஊரு?"

"ஒனக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியும். தெரிஞ்சாலும் கேக்கணும்னு தீர்மானம்."

"நீராவிக்கரை."

"அப்ப உள்ள விட முடியாது. கோவிச்சுக்கிடாதிய மதினி."

வேலிக்கு உள்ளே நீராவிக்கரை ஆட்டக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். ஆட்டக்காரர்களுக்குத் தடை இல்லை. ராஜாமணி ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பது முள்ளின் இடுக்கு வழியே தெரிந்தது. ஞானப்பூவுக்குக் கோபம் வந்தது.

"ஏ கோயில்பிச்சை. ஒங்க வீட்டுல மூத்த பிள்ளை யாரு?"

"நான்தான். தலைச்சன்" என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

"ஒங்க அம்மை எந்த ஊரு?"

"நீராவிக்கரை."

"தலைப்பிரசவத்துக்கு அவிய எங்க போனாவ?"

"எங்க போவாவ? எல்லாப் பொம்பளையளும் போற மாதிரி அம்மை வீட்டுக்குத்தான்..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். பனைமட்டை கையிலிருந்து நழுவியது.

"எங்க வீட்டுக்கு அடுத்த வீட்டுலதான்டே நீ பிறந்தே. எங்க அம்மைதான் வெந்நி வச்சுக் குடுத்தா. இப்ப நீ என்னைத் தடுக்கியா?"

வெட்கப்பட்டு வழிவிடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் முகம் பேயறைந்ததுபோல ஆகிவிட்டது.

"ஐயையோ மதினி! காலையில இருந்து நான் உள்ள போயிப் போயி வந்துக்கிட்டு இருந்திருக்கேனே!" என்று வாசலுக்கு வெளியே ஒரே தாவாகத் தாவினான். "நல்லவேளை நீங்க சொன்னிய. இல்லன்னா இன்னைக்கு என்னால என்ன கலவரம் வந்திருக்குமோ!"

உள்ளே போய்த் தலைவரிடம் சொல்லவும் இனி அவனுக்கு உரிமை இல்லை. வேலிக்கு வெளியிலிருந்தே கத்தினான்.

"தலைவரே! வாசல்ல வெளியூர்க்காரன் ஒருத்தன் பிடிபட்டிருக்கான்!"

"யாருவே அவன்?"

"நான்தான்!"

"விட்றாதவே! கெட்டியாப் பிடிச்சுக்கோ!"

கோயில்பிச்சை தன் இடது மணிக்கட்டை வலது கையால் இறுகப் பிடித்துக்கொண்டான். அருமைநாயகம் மூச்சு வாங்க ஓடி வந்தார். பின்னாலேயே தவசிமுத்துவும் ஊர் ஜனமும் வந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் தலைவர் கோயில்பிச்சையை ஏற இறங்கப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா எங்க கூடவே இருந்திருக்கியே. ஒரு வார்த்தை சொன்னியா?"

"எனக்கே இப்பதான் தெரியும் அண்ணாச்சி."

"அப்பவே நெனச்சேன். போன வருஷம் மூக்கை ஒடச்சப்பவே இவன் உள்ளூரா இருக்க முடியாதுன்னு நெனச்சேன்."

"தலைவரே, நீங்களும் தலைச்சன்தான?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

தலைவர் காதைக் குடைந்தார். பிறகு மெதுவாகச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மைதானத்தைத் திரும்பிப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வாசலைத் தாண்டி வெளியே வந்து கோயில்பிச்சைக்குப் பக்கத்தில் நின்றார். கூட்டத்தில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு ஆளாளுக்குத் தன் பிறப்பை ஆராய ஆரம்பித்தார்கள். தலைச்சன்கள் எல்லோரும் நீராவிக்கரை. இளவட்டங்கள் எல்லோரும் டவுன் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். அதனால் அவர்கள் டவுன்காரர்கள். பெண்கள் ஏற்கெனவே வெளியே. தவசிமுத்து ஒருவர்தான் நிமிர்ந்து நின்றார்.

"நான் ரெண்டாவது. எனக்குப் பிரச்சினை இல்ல."

"ஒங்க அம்மை சொல்லுவாவளே" என்றாள் ஞானப்பூ. "ரெண்டாவதுக்கும் அம்மை வீட்டுக்குக் கிளம்பி, வழியில ஓடைப்பாலத்துலயே வலி வந்து வண்டியிலேயே பெத்துட்டேன்னு."

தவசிமுத்துவின் முகம் சுருங்கியது. பாலம் எந்த ஊரைச் சேர்ந்தது என்று கொஞ்ச நேரம் விவாதித்தார்கள். எந்த ஊரையும் சேராது என்று முடிவானது. அப்படியானால் அவருடைய சொந்த ஊர் பாலமேதான்.

கொம்பன்விளை மண்ணிலேயே பிறந்தது யார் என்று கடைசியாகத் தேடிப் பார்த்ததில், மூலையில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு வெள்ளாடு மட்டும் தேறியது. அது பிறந்ததற்குச் சாட்சி இருந்தது. உள்ளூர் ரசிகராக அதை ஒருமனதாக ஏற்றுக்கொண்டு, தலைவருக்குப் போட்டிருந்த மேடையில் கட்டிவைத்தார்கள். ஆட்டின் சொந்தக்காரனுக்குத் தடை.

"ஆட்டக்காரங்க?" என்று ஒருவன் கேட்டான். "நம்ம டீம்லயும் தலைச்சன் இருக்கானுவளே."

"அவனுவ ஆடத்தான வந்திருக்கானுவ, ரசிக்க வரலையே" என்றார் தலைவர். "ஆனா கோல்கீப்பர்கிட்ட மட்டும் சொல்லிருங்க. பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது அவன் சும்மா நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருப்பான். அது ரசிக்கிறதாயிரும். அந்த நேரத்துல வலையைப் பாத்துத் திரும்பி நிக்கச் சொல்லுங்க."

பிறகு எஸ்.ஐ. சொன்னபடி எல்லோரும் அவரவர் சொந்த ஊருக்குப் புறப்பட்டார்கள். இளவட்டங்கள் குட்டியானை வண்டியில் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தலைச்சன்களும் பெண்களும் நீராவிக்கரைக்கு நடந்தார்கள். தவசிமுத்து ஓடைப்பாலத்துக் கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்தார்.

"நீயும் ஒன் ஊருக்குக் கிளம்புட்டி" என்று போகும்போது சொன்னார்.

"செருப்பு வார் அந்துபோச்சு. நீங்க முன்னால நடங்க, வாரேன்" என்றாள் ஞானப்பூ.

எல்லோரும் கண்ணுக்கு மறைந்ததும் காலி வாசல் வழியாக நிதானமாக உள்ளே போனாள். கோயில்பிச்சை போட்டுவிட்டுப்போன பனைமட்டையைத் தாண்டி, எல்லாவற்றிலும் நல்ல இடமாகப் பார்த்து, ஆட்டுக்குப் பக்கத்தில் முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள். தைலக் குப்பி மடியில்.

டவுன் ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பிறகு சொல்லக் கேட்டு அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிரசவ வார்டு வராந்தாவில் இளவட்டங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, காவலாளி வந்து, "பார்வையாளர் நேரம் முடிஞ்சுபோச்சு, எந்திரிங்க" என்றானாம். "நாங்க பார்வையாளர் இல்லண்ணே, இங்க பிறந்தவங்க" என்றார்களாம்.

நீராவிக்கரையில் நடந்தது அதைவிட மோசம். அங்கே ஊரே தெருவில் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது, கடைசி ஆட்டத்தைப் பார்க்க முடியவில்லையே என்று. அந்த நேரத்தில் கொம்பன்விளை ஜனம் மொத்தமும் ஊர்வலமாக வந்து நின்றது. ராஜாமணியின் பெண்டாட்டிதான் முதலில் எழுந்தாள்.

"என்ன மாமா, எல்லாரும் சேந்து எங்க இந்தப் பக்கம்?"

"நாங்க இந்த ஊருதாம்மா" என்றார் அருமைநாயகம். "எங்களை எங்க ஊர்ல தடை பண்ணிட்டோம்."

"அப்ப அங்க மைதானத்துல யாரு இருக்கா?"

"வெளியூர்க்காரன் ஒருத்தன்கூட இல்ல. சுத்தமா வெளியேத்தியாச்சு."

"வாசல்ல காவல்?"

"காவலுக்கு என்ன குறைச்சல்? கோயில்பிச்சையைத் தாண்டி ஒரு ஈ உள்ள போவ முடியாது."

"அவரு எங்க இருக்காரு?"

"இந்தா, என் பக்கத்துலதான நிக்கான்!"

நீராவிக்கரைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்தவர்களை வேப்பமரத்தடியில் பாய் விரித்து உட்காரவைத்து, பொங்கலில் மிஞ்சிய பனங்கிழங்கை அவித்து முன்னால் வைத்துவிட்டு, கிடைத்த வண்டியில் எல்லாம் ஏறிப் பறந்தார்கள்.

ஓடைப்பாலத்தில் தவசிமுத்து அவர்கள் கடந்து போவதைப் பார்த்தார். ஒவ்வொரு வண்டிக்கும் கையை ஆட்டினார். மைதானத்துக்குள் இருப்பவன்தான் ரசிகன். ரோட்டில் போகிறவன் வெறும் பயணி. அவனைத் தடுக்கத் தீர்மானத்தில் இடமில்லை.

இப்படியாக, வெளியூர் ரசிகர்களுக்குத் தடை போட்ட மைதானம் வெளியூர் ரசிகர்களால் நிரம்பியது. ஆட்டம் அருமையாக நடந்தது. கோட்டுக்கு வெளியே நின்று யோசனை சொல்ல ஒருவரும் இல்லாததால், கொம்பன்விளை ஆட்டக்காரர்கள் வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சரியான பக்கத்துக் கோலை நோக்கி ஓடினார்கள். அவர்களுடைய கோல்கீப்பர் மட்டும் தலைவர் சொன்னபடி வலையைப் பார்த்துத் திரும்பி நின்றான். நீராவிக்கரைக்காரன் நெடுந்தூரத்திலிருந்து அடித்த பந்து வலைக்குள் வந்து விழுந்ததை மைதானத்திலேயே முதலில் பார்த்தவன் அவன்தான்.

பாதி ஆட்டத்தில் எஸ்.ஐ. ஜீப்பில் வந்து இறங்கினார். அடிதடி இல்லை, பேனர் இல்லை. கூட்டம் நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு நம்ப முடியவில்லை.

"ஏம்மா, கொம்பன்விளைக்காரங்களா இவ்வளவு அமைதியா இருக்காங்க?" என்று ஞானப்பூவிடம் கேட்டார்.

"அவங்க இருக்கிற இடத்துல ரொம்ப அமைதியாத்தான் இருக்காவ சார்."

"வெளியூர்க்காரங்க யாரும் வரலையே?"

"இந்த ஊர்ல வெளியூர்க்காரங்க எத்தனை பேரு இருந்தாவளோ, அத்தனை பேரையும் கமிட்டி வெளியேத்திருச்சு சார்."

"இந்த ஆடு எதுக்கு மேடையில?"

"உள்ளூர் ரசிகர்."

எஸ்.ஐ. ஆட்டைப் பார்த்தார். ஆடு அவரைப் பார்த்தது. கேள்வி கேட்காமல் போய்விடுவது நல்லது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஜீப் திரும்பிப் போய்விட்டது.

ஆட்டம் முடியும் நேரத்தில் கொம்பன்விளைக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. நீராவிக்கரை ஒரே ஒரு கோல்தான் முன்னால் இருந்தது. ராஜாமணி கோலுக்கு நடுவில் வந்து நின்றான். முழங்காலை ஒரு தடவை தடவிக்கொண்டான். ஞானப்பூ கண்ணை மூடப்போனாள். இத்தனை வருஷம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது போதாதா என்று தன்னையே வைதுகொண்டு, இமையை விரலால் பிடித்துத் திறந்துவைத்துக்கொண்டாள்.

பந்து வலது மூலைக்குப் போனது. வலிக்கிற காலை ஊன்றித்தான் அவன் அந்தப் பக்கம் பாய முடியும். பாய்ந்தான். செம்மண் புழுதி கிளம்பி ஒன்றும் தெரியவில்லை. அடங்கியபோது தம்பி குப்புறக் கிடந்தான்; பந்து அவன் நெஞ்சுக்கும் மண்ணுக்கும் நடுவில் இருந்தது.

ஞானப்பூ போட்ட கூச்சலில் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. அன்றைக்கு மைதானத்தை விட்டு வெளியேறிய ஒரே உள்ளூர் ரசிகர் அதுதான்.

விசில் ஊதியதும் ராஜாமணி நொண்டிக்கொண்டே வந்து பந்தை அவள் மடியில் போட்டான். "பாத்தியாக்கா?"

"பாத்தேன்டா. எல்லாம் பாத்தேன்" என்று அவன் முழங்காலில் தைலத்தைக் கொட்டித் தேய்த்தாள்.

"பந்தை நீயே வச்சுக்கோ. இனி எனக்கு எதுக்கு?"

பொழுது சாயும் நேரத்தில் பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு காலத்தில் தம்பியைச் சுமந்த மாதிரியே, ஞானப்பூ ஓடைப்பாலத்துக்கு வந்தாள். பனங்கிழங்கைத் தின்று முடித்த தலைச்சன்களும் பெண்களும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவர்களின் குட்டியானையும் வந்து நின்றது. தவசிமுத்து சுவரிலிருந்து இறங்கினார்.

"யாரு ஜெயிச்சான்னு யாருக்காவது தெரியுமா?"

அவளால் அடக்க முடியவில்லை. "நீராவிக்கரை! கடைசி பெனால்டியை எந்தம்பி பிடிச்சான் பாருங்க, அந்தக் காலை வச்சுக்கிட்டு..."

"நீ எப்படிட்டிப் பாத்தே?"

"உள்ள உக்காந்துதான். முதல் நாற்காலியில."

அருமைநாயகம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே ஒருத்தர் மீறினாலும்னு சொன்னாருவே. ஒரே ஒருத்தர். அடுத்த வருஷம் பந்து உருளாது!"

"என்னை மட்டும் சொல்லுதியளே, நீராவிக்கரை முழுக்க உள்ளதான் உக்காந்திருந்துச்சு!"

அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருத்தர் என்றுதான் எஸ்.ஐ. சொல்லியிருந்தார். ஊர் முழுக்க வந்தால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. கோயில்பிச்சை அவள் இடுப்பிலிருந்த பந்தை வெடுக்கென்று பிடுங்கிப் பாலத்துச் சரிவில் வைத்தான். பந்து உருண்டது.

"அண்ணாச்சி, இன்னும் உருளுது!"

"இன்னும் அடுத்த வருஷம் வரலவே!"

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். நிக்கிற பந்தைத்தான அடுத்த வருஷம் உருள விட மாட்டாவ? இப்பவே உருண்டுக்கிட்டு இருக்கிற பந்தை என்ன செய்வாவ?"

அருமைநாயகம் காதுக்குக் கொண்டுபோன விரலைப் பாதியில் நிறுத்தினார். ஊரில் இப்படி ஒரு தலை இருக்கிறதா என்று கோயில்பிச்சையைப் பிரமித்துப் பார்த்தார். அடுத்த நொடி, "பிடிங்கவே! நிக்க விட்றாதிய! தள்ளு, தள்ளு!" என்று அலறினார்.

கொம்பன்விளை ஊரே பந்துக்குப் பின்னால் ஓடியது.

"ஏ, அது எந்தம்பி குடுத்த பந்து! என் பந்தைக் குடுங்க!" என்று ஞானப்பூ பின்னாலேயே ஓடினாள்.

"அடுத்த வருஷம் ஆட்டம் முடிஞ்சதும் தாரோம் மதினி!" என்று புழுதிக்குள்ளிருந்து கோயில்பிச்சையின் குரல் வந்தது.

அன்றிலிருந்து முறை போட்டு உருட்டுகிறார்கள். சாப்பாட்டு நேரம் தவசிமுத்துவின் முறை. பந்தைக் காலால் தள்ளிக்கொண்டே வீட்டைச் சுற்றி வருவார். ஞானப்பூ கும்பாவைப் பிடித்தபடி கூடவே நடந்து, முகத்தைப் பார்க்காமல் சோற்றை வாயில் திணிப்பாள். எஸ்.ஐ. கமிட்டிக்கு ஒரு பாராட்டுக் கடிதம்கூட அனுப்பினார். அதை வாங்கிக் கையெழுத்துப் போட ஒருவர் நின்றாலும் பந்து நின்றுவிடுமே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நீங்கள் அந்தப் பக்கம் போக நேர்ந்தால், வயதான ஒரு பெரிய மனிதர், மூக்கு இடது பக்கம் பார்த்தவர், வியர்க்க விறுவிறுக்க ஒரு பழைய பந்தை உருட்டிக்கொண்டு எதிரே வருவார். ஒதுங்கி வழிவிட்டுவிட்டு உங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருங்கள். நின்று வேடிக்கை மட்டும் பார்த்துவிடாதீர்கள். நீங்கள் வெளியூர்.